மொக்கம்மா அக்கா விரிச்ச படுதா

மொக்கம்மா அக்காவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு மொதல்ல என் மேலதான் கோவம் வரும். இந்தக் கதையில நான் நல்லவன் கெடையாது. இருந்தாலும் நான்தான் சொல்லணும். பதினோரு வருசமா அந்த மகராசிய என் ஜீப்புல ஏத்தி இறக்குனவன் நான்.

எம் பேரு லிங்கேஸ்வரன். ஊரு ராசிங்காபுரம். விடிகாலம் அஞ்சு மணிக்குப் பதினாலு பொம்பளைகள ஏத்திக்கிட்டு, போடி தாண்டி, போடிமெட்டு வளைவெல்லாம் ஏறி, கேரளா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துல விடுவேன். சாயந்தரம் திரும்பக் கூட்டியாருவேன். ஒரு ஜீப்புல பதினாலு பேரு எப்படிப்பான்னு கேக்காதீங்க, ஏறுறவங்களே கேக்குறதில்ல. அந்தப் பதினாலுல ஒருத்தி எம் பொண்டாட்டி காளீஸ்வரி.

மொக்கம்மா அக்காவுக்கு அப்ப அம்பத்தஞ்சு வயசு. ஒல்லி ஒடம்பு. வாயத் திறந்தா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். வெத்தலை கேட்டா பாதி கிள்ளித்தான் தரும், அதுக்கும் நாலு பேச்சுப் பேசிட்டுத் தரும். புருசன் ராக்கையா ஆடு மேய்க்கிறாரு. அவர் சத்தமா பேசி ஊருல ஒருத்தரும் கேட்டதில்ல. ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா கை இருக்கே, அது கையில்ல. ஏலக்காய் செடியோட அடித்தூர்ல, தரையை ஒட்டிச் சரஞ்சரமா கெடக்கும். குத்தவச்சுத்தான் எடுக்கணும். ஒரே சரத்துல முத்துன காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். முத்துனத மட்டும் எடுத்துட்டுப் பிஞ்ச விட்டுரணும், அது அடுத்த சுத்துக்கு. மத்தவங்க குனிஞ்சு பாத்துப் பாத்து எடுப்பாங்க. அக்கா அங்கிட்டு யாரையோ கத்தி வஞ்சுக்கிட்டே எடுக்கும், வெரலுக்கே தெரியும். மத்தவங்க பத்துக் கிலோ எடுக்கிற நேரத்துல அக்கா கூடையில பதினாலு கிலோ கெடக்கும்.

அந்தத் தோட்டம் சரிவுல இருக்கு. கீழ ஓடையோரம் சமதரை, காயும் மொத்தமா கெடக்கும். மேல போகப் போகப் பாறை, வழுக்கு, அட்டைப்பூச்சி. யாருக்கு எந்த நிரை, எந்தச் செடி வரிசைங்கிறதுக்கு அக்கா ஒரு வழி வச்சிருந்துச்சு. காலையில இறங்குன உடனே ஏலச்செடியோட நீட்டு எலையான தோகை ஒண்ணக் கிழிச்சு, நீளங் கட்டையா பதினாலு கீத்து ஆக்கி, நுனி மட்டும் தெரியக் கைக்குள்ள பிடிச்சுக்கும். ஆளுக்கு ஒண்ணு உருவணும். நீளக் கீத்து ஓடையோரம், கட்டைக் கீத்து பாறை. எல்லாரும் உருவுனப்புறம் கையில மிஞ்சுறது அக்காவோடது. இன்னைக்குப் பாறைக்குப் போனவ நாளைக்கு ஓடைக்குப் போவா. பதினோரு வருசத்துல இதுக்காக ஒரு சண்டை வந்ததில்ல. மத்தியானம் பதினாலு தூக்குவாளியும் நடுவுல தெறந்து கெடக்கும், யாரு கொழம்பு யாரு சோத்துலன்னு தெரியாது.

ரெண்டு வருசத்துக்கு முந்தி செழியன்னு ஒரு தம்பி சூப்பர்வைசரா வந்துச்சு. போடிக்காரப் பையன்தான், வெளியூர்ல பெரிய படிப்புப் படிச்சவன். கெட்டவன்னு சொல்ல மாட்டேன். எல்லாரும் நல்லா எடுக்கணும்னுதான் நெனச்சான். ஆனா வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையாப் போச்சு.

அவன் என்ன செஞ்சான்னா, காய் காய வைக்கிற ஸ்டோர் வாசல்ல ஒரு கரும்பலகை மாட்டுனான். அந்த வாரம் யாரு அதிகம் எடுத்தாங்களோ, சனிக்கிழமை சாயந்தரம் மேல இருந்து வரிசையாப் பேரு எழுதுவான். மொத ஆறு பேரு அடுத்த வாரம் மொத செட்டு. மீதி எட்டுப் பேரு ரெண்டாஞ்செட்டு. மொத செட்டுக்கு மஞ்சக்கலர்ல தொப்பி வச்ச மழைக்கோட்டு, ஓடையோர நிரை, தகரக் கொட்டாய்க்குள்ள உக்காந்து சாப்பாடு. ரெண்டாஞ்செட்டுக்குப் பாறை. மழைக்கு உரச்சாக்கு. சாப்பாடு மரத்தடியில. கூலி? எல்லாருக்கும் ஒரே கூலிதான், அஞ்சு பைசா வித்தியாசம் கெடையாது. அதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க.

என்னையும் கூப்பிட்டான். “அண்ணே, ஜீப்புலயும் முன் சீட்டு, நடுச் சீட்டு மொத செட்டுக்குத்தான். மத்தவங்க பின்னாடி.” சரின்னேன். எனக்கு என்ன போச்சு? மறு திங்கக்கிழமை எம் பொண்டாட்டி வழக்கம்போல முன்னாடி ஏற வந்தா. அவ பேரு பலகையில ஒம்பதாவது. அத்தனை பேருக்கு முன்னால, “நீ பின்னாடி ஏறு”ன்னு சொன்னேன். சொன்ன வாயில மண்ணு விழ. காளீஸ்வரி பின்னாடி சுத்தி வந்து ஏறுனா. ஸ்டெப்னி மேல போயி உக்காந்தா. அன்னைக்கு ராத்திரி சோத்தைப் போட்டவ கொழம்ப ஊத்தல, நானா ஊத்திக்கிட்டேன்.

அவ எடத்துல ஏறுனவ சந்திரவல்லி. எங்க வீட்டுக்கு எதுத்த வீடு. காளீஸ்வரியும் அவளும் ஒரே வருசம் கல்யாணமாகி வந்தவளுக. ஒருத்தி வீட்டு உப்பு இன்னொருத்தி வீட்டுலதான் இருக்கும். மூணாவது வாரம் தோட்டத்துல சரியான மழை. காளீஸ்வரி நனஞ்சு நடுங்கிக்கிட்டுத் தகரக் கொட்டாய்க்குள்ள ஒதுங்கியிருக்கா. சந்திரவல்லி, “இது எங்க செட்டு எடம்டி, சார் வஞ்சார்னா நானா பொறுப்பு?”ன்னிருக்கா. அம்புட்டுதான். முடியப் பிடிச்சுக்கிட்டாளுக.

தோட்டத்துச் சண்டை தோட்டத்தோட நிக்குமா? சந்திரவல்லி மகளுக்குக் காதுகுத்து வந்துச்சு, எதுத்த வீடான எங்களுக்குப் பத்திரிகை வைக்கல. அவ புருசன் ஒச்சப்பன் எனக்கு மாப்ள மொறை. டீக்கடையில பெஞ்சுல தள்ளி உக்காரச் சொன்னான்னு அவன் சட்டையப் பிடிச்சேன். பெஞ்சுக்காகவா பிடிச்சேன்? எம் பொண்டாட்டி பேரு ஒம்பதாவதா இருந்ததுக்குப் பிடிச்சேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தெருவே ரெண்டாப் பிரிஞ்சுச்சு. ஜீப்புல ஒரு காலத்துல பாட்டும் கிண்டலுமா மெட்டு ஏறுவாளுக, இப்ப எஞ்சின் சத்தம் மட்டுந்தான். பின்னாடி உள்ளவளுகளுக்கு முன்னாடி உள்ளவ கழுத்தப் பாத்தாலே எரிச்சல்.

அந்தச் சமயத்துலதான் சுஜிதா வந்துச்சு. வீடு வீடாப் போயி பிரசரு, சுகரு பாத்து மாத்திரை குடுக்கிற பொண்ணு. காளீஸ்வரி கையில பட்டையக் கட்டி அமுக்கிப் பாத்துட்டு, மறுபடியும் அமுக்கிப் பாத்துச்சு. மேல நூத்தி எழுவத்தெட்டு. போன வருசம் நூத்தி இருவத்தி நாலு இருந்தவ. வயசு முப்பத்தெட்டு. போடிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் குடுத்துட்டு என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க: “இப்படியே நின்னா ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிரும்ப்பா. வீட்டுல என்ன பிரச்சனை?” நான் என்ன சொல்ல? பலகைன்னு சொல்லவா, ஸ்டெப்னின்னு சொல்லவா? காளீஸ்வரி அம்மாவும் அப்படித்தான் இழுத்துக்கிட்டு நாலு வருசம் கெடந்து போனாங்க.

இந்த விசயம் மொக்கம்மா அக்கா காதுக்குப் போனதும், மறுநாள் விடியமுன்ன சுஜிதாவக் கையோட ஜீப்புக்கிட்டயே கூட்டிட்டு வந்துருச்சு. “பாரும்மா, பதினாலு பேத்துக்கும் பாரு.” பாத்துச்சு. கொடுமை என்னன்னா, அதுலயும் போட்டி. “எனக்கு நூத்தி அறுவதாக்கும்!”னு ஒருத்தி பெருமையாச் சொல்றா! பதினாலு பேருல பத்துப் பேருக்கு ஏறியிருந்துச்சு. மொத செட்டு, ரெண்டாஞ்செட்டுன்னு பேதமில்ல. எல்லாத்துலயும் கூட யாருக்குத் தெரியுமா? பலகையில வாராவாரம் மொதப் பேரா நின்ன மொக்கம்மா அக்காவுக்கு. நூத்தி எம்பத்தாறு.

“ஏம்மா, நாங்க தின்கிறது ரேசன் அரிசிதான், போன வருசமும் அதேதான், பின்ன எப்படி ஏறுச்சு?”ன்னு கேட்டுச்சு அக்கா. சுஜிதா நோட்டப் புரட்டிப் பாத்துட்டு, “தெரியலயே அத்தே. நம்ம ஊருல வெங்காயக் காட்டுக்குப் போறவங்களுக்கும் உங்களுக்கும் ஒரே வயசு, அதே சோறு. அவுகளுக்கு ஏறல. இந்த ஜீப்புக்காரவுகளுக்கு மட்டுந்தான் ஏறியிருக்கு”ன்னுச்சு. எல்லாரும் என் வண்டியத் திரும்பிப் பாத்தாளுக, அதுல ஏதோ நோயி ஒட்டிக்கிட்டிருக்கிற மாதிரி. அக்கா மட்டும் ஒண்ணும் பேசல. அது பேசாம இருந்து அன்னைக்குத்தான் பாத்தேன்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் காளீஸ்வரி காதுல போட்டுக்கல. எப்படியும் மொத செட்டுக்கு ஏறிரணும்னு ஒரு வெறி. அந்த வெறியில செய்யக் கூடாததச் செஞ்சா. எடை கூடட்டும்னு பிஞ்சையும் சேத்து உருவுனா. ஏலக்காய்க்காரிக்கு இதை விடப் பெரிய பாவம் இல்ல. பிஞ்சு ஸ்டோர்ல காஞ்சா சுருங்கிச் சொத்தையாப் போயிரும், அடுத்த சுத்துக்குச் செடியிலயும் இருக்காது. பிஞ்சு எடுத்தவள அன்னைக்கே நிப்பாட்டிருவாங்க. செழியன் கூடைகளச் சோதிக்க வர்றத கீழ ஓடையோரத்துல இருந்து அக்கா பாத்துருச்சு. கூடையோட குடுகுடுன்னு மேல ஏறி வந்து, காளீஸ்வரி கூடைக்குள்ள ரெண்டு கையையும் விட்டு, மேலாகக் கெடந்த பிஞ்ச அள்ளித் தன் கூடையில போட்டுக்கிருச்சு.

செழியன் அக்கா கூடையக் கவுத்தான். பிஞ்சு உருண்டுச்சு. “நீங்களாம்மா?”ன்னு அவனே அதிர்ந்து போயிட்டான். அக்காங்கிறதால வேலைய விட்டு நிப்பாட்டல. ஆனா எல்லாரும் பாக்க மழைக்கோட்டக் கழட்டச் சொல்லி இன்னொருத்திக்குக் குடுத்தான், பலகையில பேர அழிச்சுக் கடைசியில எழுதுனான். பிஞ்சு யாரு எடுத்ததுன்னு அக்கா சொல்லல. நாப்பது வருசமா ஏலக்காட்டுல கெடந்து கை தப்பாதவன்னு பேரு வாங்குன பொம்பளை. அந்தப் பேர எம் பொண்டாட்டிக்காகத் தூக்கிக் குடுத்துட்டு நனஞ்சுக்கிட்டு நின்னுச்சு. காளீஸ்வரி வீட்டுக்கு வந்து என் முன்னாடி விழுந்து விழுந்து அழுதா. நானும் அழுதேன், சொல்றதுக்கென்ன வெக்கம்.

மறுநாள் அக்கா ஜீப்புல ஏறும்போது கக்கத்துல ஒரு நீலப் படுதா. புளி காய வைக்கிற படுதா. சாயந்தரம் எடை போடுற எடத்துல அதை விரிச்சுத் தன் கூடைய அதுல கொட்டிருச்சு. “இங்க கொட்டுங்கடி எல்லாரும். மொத்தமா நிறுக்கட்டும், பதினாலா வகுத்து எழுதிக்கிரட்டும்.” ரெண்டாஞ்செட்டுல மத்த ஏழு பேரும் கொட்டிட்டாளுக. மொத செட்டு நகரல. சந்திரவல்லி கூடைய இடுப்போட அணைச்சுக்கிட்டுச் சொன்னா: “நான் எதுக்குக் கொட்டணும்? என் கை ஒழைச்சது. சோம்பேறிக்கெல்லாம் நான் எடுத்துக் குடுக்கணுமா?” அவ கேட்டதுல தப்பில்ல. அக்காவும் தப்புன்னு சொல்லல.

அந்த ஒரு வாரமும் அக்கா ராத்திரிச் சோத்துக்கு முன்னாடி ஒவ்வொரு வீடாப் போச்சு. ஒவ்வொருத்தியா எறங்கி வந்தாளுக. கடைசியா சந்திரவல்லி வீடு. அங்க என்ன நடந்துச்சுன்னு பின்னாடி ஒச்சப்பன்தான் சொன்னான். அக்கா நியாயம், அநியாயம் எதுவும் பேசலையாம். போயி உக்காந்து வெத்தலைய மடிச்சு முழுசாக் குடுத்துட்டு, “ஏண்டி, வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்குறியா?”ன்னு மட்டும் கேட்டுச்சாம். சந்திரவல்லி ஓன்னு அழுதுட்டாளாம். மறுநாள் பலகையில பேரு எறங்கிருமோன்னு மூணு மாசமா வெள்ளிக்கிழமை அவ கண்ண மூடுனதில்லையாம். “நானும் தூங்கலடி. மொதப் பேரு என்னோடது, எறங்குனா ஊரு சிரிக்கும்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே கெடக்கும். அன்னைக்குக் கோட்டக் கழட்டிக் குடுத்தேன் பாரு, அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனேன்”னுச்சாம் அக்கா.

அடுத்த சனிக்கிழமை பதினாலு கூடையும் ஒரே படுதாவுல. செழியன் சாக்பீஸோட நிக்கிறான், யார மேல எழுத, யாரக் கீழ எழுத? மொத்த எடை அஞ்சாறு கிலோ கூடத்தான் இருந்துச்சு. பிஞ்சு ஒண்ணு கெடையாது. மறுபடியும் ஏலத்தோகைக் கீத்து வந்துச்சு. ஆறு மழைக்கோட்டும் அன்னன்னைக்குக் கட்டைக் கீத்து எடுத்துப் பாறைக்குப் போறவளுகளுக்குன்னு ஆச்சு. ஜீப்புல முன் சீட்டுக்கு யாரும் சண்டை போடல. மெட்டு ஏறயில மறுபடி என்னையக் கிண்டல் பண்ண ஆரம்பிச்சாளுக. காளீஸ்வரியும் சந்திரவல்லியும் பேசிக்கிறதுக்கு மட்டும் இன்னும் ஒரு மாசம் ஆச்சு. பொம்பளைக ரோசம், லேசுல எறங்குமா? ஆனா காளீஸ்வரிக்குப் பிரசரு எறங்குச்சு. நூத்தி நாப்பதுன்னுச்சு சுஜிதா. நான் கோயில்ல தேங்கா ஒடைச்சேன்.

செழியன் அக்காவத் தனியாக் கூப்பிட்டு மேஸ்திரி வேலை தர்றேன்னான். காய் எடுக்க வேண்டாம், குடை பிடிச்சுக்கிட்டு நின்னு பாத்தாப் போதும், படுதாவ மட்டும் சுருட்டி வச்சிரணும். “நல்ல வேலைதான் சார். ஆனா இவளுக கூடக் குத்தவச்சுத்தான் எனக்குப் பழக்கம். நிக்கத் தெரியாது”ன்னுட்டு வந்துருச்சு. அவன் அந்தப் போட்டி ஏற்பாட்டப் பத்தி மொதலாளிக்கிட்ட பெருசா அளந்து வச்சிருந்தான் போல. மொகம் சுண்டிப் போச்சு அவனுக்கு. ராத்திரி எனக்கு அவன்கிட்ட இருந்து போன் வந்துச்சு. “நாளையில இருந்து அந்தம்மா வேண்டாம்ணே. மத்தவங்க வரட்டும். ஏத்திட்டு வந்தீங்கன்னா நான் வேற வண்டி பாத்துக்கிருவேன்.”

ராத்திரியெல்லாம் பொரண்டேன். காளீஸ்வரிக்கிட்ட சொல்லல. அக்கா போயிருச்சுன்னா படுதா போயிரும், படுதா போச்சுன்னா பலகை வந்துரும். எம் பொண்டாட்டிக்கு மறுபடி என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் காலையில, பொழப்பு பயத்துல, ஜீப்புல கால் வச்ச அக்காகிட்ட சொன்னேன்: “அக்கா, நீங்க ஏற வேண்டாமாம்.”

அக்கா காலக் கீழ எடுத்து வச்சுச்சு. “சரிப்பா. உன்னையக் குத்தஞ்சொல்ல மாட்டேன். இவளுகளப் பத்திரமாக் கூட்டிட்டுப் போ”ன்னு திரும்பி நடந்துச்சு. கக்கத்துல படுதா.

மொதல்ல எறங்குனவ சந்திரவல்லி. எறங்கி ரோட்டோரமா உக்காந்தா. அப்புறம் காளீஸ்வரி எறங்கி அவ பக்கத்துல உக்காந்தா. ரெண்டு பேரு தோளும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொருத்தியா எறங்கி, வண்டியில நான் மட்டும். அக்கா திரும்பி ஓடியாந்து, “பைத்தியம் பிடிச்சிருக்காடி? அடுப்பு எரிய வேண்டாமா? ஏறுங்கடி!”ன்னு கத்துது, ஒருத்தி அசையல.

நான் செழியனுக்குப் போன் போட்டேன்.

“தம்பி, வண்டி வராது. ஆளு கொறையுது.”

“எத்தனை பேரு?”

“ஒருத்தரு.”

“ஒருத்தர்தானே, மத்தவங்கள ஏத்திட்டு வாங்கண்ணே.”

“அந்த ஒருத்தரு வந்தாத்தான் மத்தவுக வருவாக. டிரைவரையும் சேத்துத்தான் சொல்றேன்.”

வச்சுட்டான். காளீஸ்வரி என்னைய நிமிந்து பாத்தா. ஸ்டெப்னி மேல உக்கார வச்ச நாள்ல இருந்து அவ என் மொகத்த நேராப் பாத்தது அன்னைக்குத்தான்.

நாலு நாளு வண்டி நின்னுச்சு. உள்ளதச் சொல்றேன், மூணாம் நாள் பாதி வீட்டுல கொழம்பில்ல. ஒரு வீட்டுல ரசம் வச்சா தெருவே வாங்கிக் குடிச்சுச்சு. அந்த மூணாம் நாள்தான் சுஜிதாவுக்கு எங்க தெரு மொறை. பதினாலு பேத்துக்கும் பாத்துச்சு. கூலியில்ல, கொழம்பில்ல, நாளைக்கு என்னன்னு தெரியல. அந்தப் பொண்ணு பட்டையக் கழட்டிட்டுச் சும்மா என்னையப் பாத்துச்சு. ஒருத்திக்கும் ஏறல. காளீஸ்வரிக்கு நூத்தி இருவத்தெட்டு.

அஞ்சாம் நாள் விடியக்காலம் செழியன் போன் பண்ணுனான். காய் பழுத்துச் சரத்துலயே வெடிக்குது, வேற ஆளு கெடைக்கல. “எல்லாரும் வாங்கண்ணே. எல்லாரும்”னான். நான் மொக்கம்மா அக்கா வீட்டு வாசல்லயே கொண்டு போயி வண்டிய நிப்பாட்டுனேன். கும்பிட்டேன், “அக்கா, அன்னைக்குச் சொன்னத மன்னிச்சிருங்க”ன்னேன். அக்கா வெத்தலைய வாயில அதக்கிக்கிட்டு, “மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளுடா, வெரசா எடு, காய் வெடிக்குதாம்ல”ன்னு கக்கத்துல படுதாவோட ஏறுச்சு.